குழந்தை அறைக்குக் குஷன் கட்டில்: அடிப்பெட்டியில் தொடங்கித் துணிவரை பார்த்து வாங்குவது எப்படி

கடைக்குள் நுழைந்ததும் குழந்தை ஓடிப்போய் நிற்பது, பலகைமேல் ஃபோம் வைத்துத் துணி போர்த்திக் கரடிக் காது வைத்த குஷன் கட்டிலுக்கு முன்னால். பெரியவர்கள் குனிந்து பார்ப்பது அடியில் எவ்வளவு சாமான் கொள்ளும் என்று. இரண்டுக்கும் முன்பே வீட்டில் பேசி முடிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த அடிப்பெட்டியைத் திறக்கப்போவது யார்?

குழந்தை தானே திறந்து எடுக்கும், தானே எடுத்து வைக்கும் என்றால் டிராயர். மாதம் ஒருமுறை பெரியவர்கள் திறந்தால் போதும் என்றால், மெத்தையோடு சேர்த்து மேலே தூக்கும் ஹைட்ராலிக் பெட்டி. கட்டிலின் உயரம், அறையில் விட வேண்டிய இடம், எந்த மெத்தை, என்ன ஆபத்து எல்லாமே இந்த ஒரு பதிலைப் பொறுத்து மாறும். துணியின் நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

டிராயர் வைத்த கட்டில்

இதில் இரண்டு வகை. பக்கவாட்டில் சேனல் என்ற இரும்புத் தடம் அடித்து, கட்டிலோடு இணைந்து ஓடும் டிராயர் ஒன்று. சக்கரம் பொருத்தித் தரையிலேயே உருண்டு வரும் தனிப்பெட்டி இன்னொன்று. கடைக்காரர்கள் சேனல் வகையைத்தான் உயர்த்திச் சொல்வார்கள். நேராக ஓடும், சத்தமில்லாமல் மூடும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் திறந்து கிடக்கும் டிராயர் குழந்தைக்குக் கட்டிலில் ஏறும் படி. சாதாரண சேனல் 20, 25 கிலோ சரக்கைத் தாங்கும். அதுவும் எடை டிராயர் முழுக்கப் பரவியிருந்தால்தான். முழுக்க இழுத்த டிராயரின் முன்விளிம்பில் 20 கிலோ குழந்தை ஏறி நின்றால் சேனல் வளைவதற்கு முன்பே பலகையிலிருந்து ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரும். மரத்தூளைப் பிசினில் அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டாக இருந்தால் அந்த ஓட்டையில் மறுபடி ஸ்க்ரூ நிற்காது. சக்கரப் பெட்டியில் அந்த எடையைத் தரை வாங்கிக்கொள்கிறது. பத்து வயதுக்குள் இருக்கும் குழந்தையின் அறைக்குச் சக்கரப் பெட்டிதான் எங்கள் தேர்வு. தரையில் தடித்த கம்பளம் இருந்தால் மட்டும் சக்கரம் புதைந்துகொள்ளும். அங்கே சேனலே மேல்.

குஷன் கட்டிலுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. டிராயரின் முகப்பிலும் ஃபோம் வைத்துத் துணி போர்த்தியிருப்பார்கள். முகப்புக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே சுற்றிலும் 4 மி.மீ. ஆவது இடைவெளி இல்லையென்றால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் துணியோடு துணி உரசும். வெல்வெட்டில் மூலைகள் ஓராண்டுக்குள் வழுக்கையாகிவிடும். காட்சிக்கு வைத்திருக்கும் கட்டிலில் டிராயரை நாலைந்து முறை இழுத்து மூடிவிட்டு, மேல்மூலைத் தையலை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே நூல் பிசிர் எழுந்திருந்தால் உங்கள் வீட்டிலும் அதுவே நடக்கும். கைப்பிடி வெளியே துருத்தக் கூடாது. கெண்டைக்கால் உயரத்தில் இருக்கும் குமிழ் எல்லோரையும் இடிக்கும். பலகையில் வெட்டிய கைப்பள்ளமோ துணிப் பட்டையோ நல்லது.

90 செ.மீ. அகலக் கட்டிலில் டிராயரின் ஆழம் பெரும்பாலும் 55, 60 செ.மீ.தான். மீதி 30 செ.மீ. பின்னால் வீணாகக் கிடக்கும், தூசியும் ஒற்றைக் காலுறைகளும் சேரும். டிராயரை முழுசாக வெளியே எடுத்துப் பெருக்க முடியுமா என்று கேளுங்கள். கொள்ளளவையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: உள்ளளவு 60 × 55 × 18 செ.மீ. உள்ள ஒரு டிராயர் சுமார் 59 லிட்டர், மூன்று டிராயர் சேர்ந்து 180 லிட்டரைத் தொடாது.

மேலே தூக்கும் பெட்டி

அதே கட்டிலில் 90 × 200 செ.மீ. பரப்பும் 25 செ.மீ. உள்ளுயரமும் கிடைத்தால் கணக்கில் 450 லிட்டர். இரும்புச் சட்டமும் நடுக்கட்டையும் எடுத்துக்கொள்ளும் இடம் போனாலும் டிராயரைவிட இரண்டு பங்கு கொள்ளும். கம்பளி, சின்னதாகிப்போன உடைகள், பயணப் பைகள், பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் சாமான்கள் என்று எப்போதாவது தேவைப்படுகிறவற்றுக்கு இது பொருத்தம். விளையாட்டுச் சாமானை இதில் வைத்தால் குழந்தை அதற்காக மெத்தை கிடக்கும் தட்டைத் தூக்க முயலும். அந்த முயற்சியே நடக்கக் கூடாது.

தட்டைத் தூக்கி நிறுத்துவது இருபக்கமும் உள்ள கேஸ் ஸ்ட்ரட், அதாவது வாயு அடைத்த உருளைத் தண்டு. அதன் விசை நியூட்டனில் உருளையின் மேலேயே அச்சிட்டிருக்கும். 100 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 10 கிலோ எடைக்கு ஈடான தள்ளல். இந்த விசை மெத்தையின் எடைக்குப் பொருந்தியாக வேண்டும். பெரும்பாலோர் தவறவிடும் இடம் இது. 90 × 200 × 15 செ.மீ. மெத்தையின் கன அளவு 0.27 கன மீட்டர். 30 டென்சிட்டி ஃபோம், அதாவது கன மீட்டருக்கு 30 கிலோ, என்றால் எடை 8 கிலோ. அதே அளவு லேடெக்ஸ், 70 டென்சிட்டி என்று வைத்தால், 19 கிலோ. ரப்பர் தோய்த்த நார் மெத்தை அதையும் தாண்டும். கனமான மெத்தைக்கு என்று போட்ட ஸ்ட்ரட்டின் மேல் 8 கிலோ மெத்தையை விரித்தால் தட்டு முழுசாக மூடாது, கால்மாட்டில் ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டே நிற்கும், குழந்தை இறங்கியதும் தானே எழும். எதிர்மாறாக, லேசான மெத்தைக்கான ஸ்ட்ரட்டில் நார் மெத்தையைப் போட்டால் தட்டு மேலே நிற்காமல் கீழே வரும். ஆகவே மெத்தையை முதலில் முடிவு செய்யுங்கள். "எத்தனை கிலோ மெத்தைக்கு இந்த ஸ்ட்ரட்?" என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மெத்தை இல்லாமல் தட்டைத் திறந்து மூடிப் பார்க்கக் கூடாது. அழுத்தும் எடை இல்லாததால் அது விசுக்கென்று எழும், மூடவும் முடியாது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க முடியாதவை சில. பெட்டிக்குள் குழந்தை ஒளிந்துகொள்ளக்கூடும். மூடினால் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கி இருக்கவே கூடாது, பக்கப் பலகையிலோ அடியிலோ காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். கீல் பக்கத்தில் விரல் நசுங்கும் இடைவெளியைப் பாருங்கள்: பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதிகள் கீல் இடைவெளிக்கு வைத்திருக்கும் அளவு இங்கும் பொருந்தும். ஒன்று, 5 மி.மீ. கம்பிகூட நுழையாதபடி நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 12 மி.மீ. கம்பி தாராளமாகப் போய்வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் விரலைப் பிடிக்கும். தட்டு மேலே நிற்கும்போது ஸ்ட்ரட்டை மட்டும் நம்பாமல் தாங்கிப் பிடிக்கும் தனிக் கம்பி ஒன்று இருந்தால் அந்தக் கட்டிலுக்கு முதலிடம் கொடுங்கள். பிரிட்டனில் 2024இல் ஸ்ட்ரட் பழுதாகித் தட்டு விழுந்ததில் பெரியவர் ஒருவரே இறந்திருக்கிறார். ஆறு வயதுக்குக் கீழுள்ள குழந்தை உள்ள வீட்டில் டிராயர்தான் சரி என்று சொல்வதற்கு இதுவே போதும்.

அறையை அளப்பது

மெத்தை அளவை வைத்துக் கட்டில் அளவை ஊகிக்கக் கூடாது. மரக்கட்டிலில் மெத்தைக்கு வெளியே 2, 3 செ.மீ. பலகைதான் வரும். குஷன் கட்டிலில் பலகை, ஃபோம், துணி மடிப்பு எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் 5 முதல் 8 செ.மீ. கூடும். தலைப்பலகை 10 செ.மீ. தடிமன் என்றால் 200 செ.மீ. மெத்தைக்கான கட்டில் 215, 218 செ.மீ. நீளத்தில் வந்து நிற்கும். மேகம், கார், கோட்டை போன்ற வடிவங்களில் இன்னும் அதிகம். தலைப்பலகை கட்டிலைவிட அகலமாகவும் இருக்கலாம். வெளியளவைக் கேட்டு வாங்கி, தரையில் காகித டேப் ஒட்டிப் பாருங்கள். டிராயர் முழுக்கத் திறந்தபின் அதற்கு முன்னால் குழந்தை குந்த 50 செ.மீ. ஆவது மிஞ்ச வேண்டும். அறைக் கதவு, அலமாரிக் கதவு இரண்டையும் திறந்த நிலையில் வைத்து அளந்து பாருங்கள். பக்கவாட்டில் தூக்கும் ஹைட்ராலிக் என்றால் அந்தச் சுவரில் அலமாரித் தட்டோ விளக்கோ இருக்கக் கூடாது. பலர் மறக்கும் ஒன்று: தலைப்பலகை ஒரே துண்டாக வரும். மாடிப்படித் திருப்பத்தில் அது திரும்புமா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

சுவரோடு ஒட்டிப் போடுவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். குஷன் பக்கம் அமுங்கும். பார்வைக்கு ஒட்டியிருப்பது போலிருந்தாலும், தூக்கத்தில் குழந்தை அழுத்த அழுத்தக் கட்டில் நகர்ந்து இடைவெளி விடும். உடம்பு உள்ளே இறங்கிச் சிக்கலாம். கால்களுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். இல்லையென்றால் சுவரிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் தள்ளியே போடுங்கள். சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது.

உயரம்

குழந்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொட வேண்டும். நான்கு வயதில் முழங்கால் உயரம் சுமார் 25 செ.மீ.; பத்து வயதில் 36 செ.மீ. போல வரும். அடிப்பெட்டி வைத்த கட்டில் இதற்கு ஒத்துவராது. தரையிலிருந்து விடும் இடம் 3, டிராயர் 20, சட்டமும் மெத்தையைத் தாங்கும் குறுக்குப் பட்டிகளும் 7 என்று சேர்த்தாலே 30 செ.மீ.; அதன்மேல் 15 செ.மீ. மெத்தை 4 செ.மீ. உள்ளே இறங்கி உட்கார்ந்தால் மேல்மட்டம் 41 செ.மீ. சின்னக் குழந்தைக்கு இது அதிகம். டிராயர் உயரத்தை 14 செ.மீ.க்குக் குறைத்த மாதிரி, 10 முதல் 12 செ.மீ. மெத்தை, கழற்றக்கூடிய பக்கத் தடுப்பு என்று மூன்றையும் சேர்த்துத்தான் சமாளிக்க வேண்டும்.

தடுப்பைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் செருகும் தனித் தடுப்பு, தானே ஏறி இறங்கத் தெரிந்த 2 முதல் 5 வயதுக் குழந்தைக்கானது. அதற்குக் கீழே வேண்டாம். அடுக்குக் கட்டில்களுக்கான ஐரோப்பிய விதி மெத்தைக்கு மேலே தடுப்பு 16 செ.மீ. உயரமாவது எழுந்திருக்க வேண்டும் என்கிறது. தாழ்ந்த கட்டிலுக்கு அது கட்டாயமில்லை என்றாலும் நல்ல அளவுகோல். தடித்த மெத்தை வாங்கினால் தடுப்பு அதே அளவு குட்டையாகும். ஒரு வயது நிறையாத குழந்தையை எந்தக் குஷன் கட்டிலிலும் தூங்க வைக்கக் கூடாது; அதற்குக் கெட்டியான, தட்டையான தொட்டில்தான்.

சட்டமும் பட்டிகளும்

துணி போர்த்திவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. குஷன் கட்டிலில் ஏமாற்ற இடம் அதிகம் என்பது இதனால்தான். அடியில் கை விட்டுத் தடவிப் பாருங்கள், செல்போன் வெளிச்சத்தில் உள்பக்கத்தைப் பாருங்கள். பக்கப் பலகை 18 மி.மீ. பிளைவுட், கட்டை மரம், அல்லது இரும்புக் குழாயாக இருக்க வேண்டும். 12 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டுக்கு மேலே இரண்டு அங்குல ஃபோம் ஒட்டினாலும் பார்வைக்கு அதே பருமன்தான் தெரியும். மூலைகளில் மரத்துக்குள் நேரடியாக ஸ்க்ரூ போட்டிருந்தால் வேண்டாம். இரும்புத் தகடு வைத்து 8 மி.மீ. போல்ட்டும் நட்டும் போட்டிருக்க வேண்டும். குழந்தை குதிக்கும்போது அந்த மூலைதான் அடி வாங்கும்.

ஃபோம் மெத்தைக்குப் பட்டிகளின் இடைவெளி 7 செ.மீ.க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் மெத்தை இடுக்கில் இறங்கி அலை அலையாகும். பட்டிகளுக்குப் பதில் ஒரே பிளைவுட் தட்டு என்றால் காற்றுத் துளை அவசியம். குழந்தையின் வியர்வையும் எப்போதாவது நனையும் ஈரமும் கீழே தங்கி, சில மாதங்களில் மெத்தையின் அடிப்பக்கம் கருப்புப் புள்ளி விடும்.

ஃபோமும் துணியும்

தலைப்பலகைக்கு 25 டென்சிட்டி ஃபோம் போதும், சாய்வதற்கு மட்டும்தானே. பக்கச் சட்டத்தின் மேல்விளிம்பு வேறு கதை. அதன்மேல் உட்காருவார்கள், நிற்பார்கள், குதிரை ஏறுவார்கள். அங்கே 30க்கு மேல் டென்சிட்டி, 2 செ.மீ.க்குக் குறையாத தடிமன் வேண்டும். கட்டைவிரலால் விளிம்பை அழுத்துங்கள். பலகை உடனே தட்டுப்பட்டால் முட்டி இடித்துக்கொள்ளும் நாளிலும் பலகைதான் தட்டுப்படும்.

துணியின் உழைப்பை மார்ட்டின்டேல் எண்ணால் சொல்வார்கள்: துணியை இயந்திரத்தில் எத்தனை முறை தேய்த்தால் நைகிறது என்ற கணக்கு. வீட்டுச் சாமானுக்கு 20,000 பொதுவாகப் போதும்; குழந்தை அறைக்கு 30,000க்கு மேல் கேளுங்கள். எண் நன்றாக இருந்தும் தோற்கும் துணிகள் உண்டு. பூக்ளே எனப்படும் சுருள் இழைத் துணி படத்தில் மேகம் மாதிரி இருக்கும். பூனை நகமோ பொம்மைக் காரின் அச்சோ மாட்டினால் இழை நீளமாக உருவிக்கொண்டு வரும். ரெக்ஸின் துடைக்க எளிது, ஆனால் ஈரமும் வெக்கையும் உள்ள அறையில் மேல்பூச்சு சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். உரிந்த துணுக்கு சின்னக் குழந்தையின் வாய்க்குப் போகும். நெருக்கமாக நெய்த பாலியஸ்டர், அல்லது குட்டை இழை வெல்வெட், நடுத்தர நிறத்தில் எடுத்தால் தொல்லை குறைவு.

எந்தத் துணியானாலும் ஜிப்போ வெல்க்ரோவோ வைத்துக் கழற்றித் துவைக்கும் உறையா என்பதுதான் முக்கியம். ஸ்டேப்ளர் பின் அடித்த உறையைக் கழற்ற முடியாது. முழு உறை கழறாவிட்டாலும் பக்கச் சட்டத்தின் உறையாவது கழற வேண்டும். படுக்கையில் சிறுநீர் போனால் ஒழுகி இறங்குவது அங்கேதான். தலைப்பலகை வரை எட்டாது. தூசி ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ள குழந்தை என்றால் குஷன் கட்டிலையே ஒருமுறை மறுயோசனை செய்யுங்கள். வழவழப்பான மரக்கட்டிலை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். குஷனை வாரம் ஒருமுறை வாக்குவம் பிடித்தாக வேண்டும்.

பலகையை ஒட்டும் பிசினிலிருந்து காற்றில் கசியும் ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு பற்றியும் கேட்க வேண்டும். பலகைக்கு ஈ1 என்ற ஐரோப்பியத் தரம் என்றால் சோதனை அறையின் காற்றில் அளவு 0.124 மி.கி./கன மீட்டருக்குள் இருக்க வேண்டும். துணிக்கு, தீங்கான வேதிப்பொருள்களைச் சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 சான்று நல்லது. அதில் முதல் வகுப்பு மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கானது. புதுக்கட்டிலில் கண் எரிகிற அளவுக்கு வாடை வந்தால் சான்று என்ன சொன்னாலும் வாங்க வேண்டாம். லேசான வாடை என்றால் ஜன்னலைத் திறந்து, டிராயர்களை வெளியே எடுத்து, ஒரு வாரம் காற்றாட விட்டபின் குழந்தையைப் படுக்க வையுங்கள்.

காது, வால், விளக்கு

கட்டில் பத்தாண்டு உழைக்கும். கரடி மேல் உள்ள ஆசை மூன்றாண்டு தாங்கினால் பெரிது. ஆகவே வேடிக்கை எல்லாம் கழற்றக்கூடிய பாகத்தில் இருக்கட்டும்: போல்ட் கழற்றினால் வந்துவிடும் தலைப்பலகை, மாற்றிப் போடும் உறை, வெல்க்ரோவில் ஒட்டிய காது. கட்டிலே கார் வடிவம் என்றால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது; பெரும்பாலும் தனி அளவு மெத்தையும் கேட்கும். 70 × 140, 80 × 160 அளவுகள் சின்ன வயதோடு சரி. இடம் இருந்தால் நேராக 90 × 190 அல்லது 90 × 200 வாங்கிவிடுங்கள்.

தலைப்பலகையில் பட்டன் அழுத்திய வேலைப்பாடு மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் அடங்கும் எதையும் சின்னக் குழந்தையின் தொண்டை அடைக்கும் பொருளாகத்தான் அமெரிக்கப் பாதுகாப்பு விதி கணக்கெடுக்கிறது. கட்டில் பட்டன்களில் பெரும்பாலானவை அதில் அடங்கிவிடும். துணிக்காது, மூக்கு, குஞ்சம் எதுவானாலும் இரண்டு விரலால் பிடித்து நன்றாகச் சுண்டி இழுங்கள்; பொம்மைகளுக்கு ஐரோப்பிய விதி வைக்கும் சோதனை 90 நியூட்டன், அதாவது சுமார் 9 கிலோ இழுவை. தையல் இளகினால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள். விளக்கு வேண்டும் என்றால் 5 அல்லது 12 வோல்ட்டில் எரியும், வெளியே எடுத்து மாட்டக்கூடிய பட்டை மட்டும். ஃபோமுக்குள் புதைத்த விளக்கின் சூடு வெளியேறாது, பழுதானால் துணியைக் கிழித்துத்தான் மாற்ற வேண்டும். ரிமோட்டில் பட்டன் பேட்டரி இருந்தால் அதன் மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்க வேண்டும். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைச் சுட்டுவிடும்.

கடையில் பத்து நிமிடம்

1. கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்துக் குறுக்காக ஆட்டுங்கள். கிறீச்சென்ற சத்தம் வந்தால் மூலை இணைப்பு தளர்ந்திருக்கிறது. காட்சிக் கட்டிலிலேயே தளர்ந்தது வீட்டில் இறுகாது.
2. பக்கச் சட்டத்தின் நடுவில் ஒரு பெரியவர் உட்காரட்டும். கீழே வளைவது கண்ணுக்குத் தெரியக் கூடாது.
3. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியில் இருபது முறை தேயுங்கள். சாயம் ஒட்டினால் தலையணை உறையிலும் ஒட்டும். அடர்நீலத்திலும் சிவப்பிலும் இதைத் தவறவிடாதீர்கள்.
4. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் காத்திருந்து ஒற்றி எடுங்கள். கறை வட்டம் நிற்கிறதா என்று பாருங்கள்.
5. ஹைட்ராலிக் என்றால் பாதி உயரத்தில் நிறுத்திக் கையைத் தளர்த்துங்கள், விட்டுவிடாமல். மெதுவாக ஏறினாலும் நின்றாலும் நல்லது. கீழே இறங்கப் பார்த்தால் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பின்

கட்டிலின் பாகங்களைப் பூட்டும்போது எல்லா போல்ட்டையும் பாதி இறுக்கிவிட்டு, சட்டம் நான்கு மூலையும் சதுரமாக இருக்கிறதா என்று மூலைக்கு மூலை அளந்து பார்த்தபின் முழுசாக இறுக்குங்கள். ஒரு மூலையை முதலிலேயே முறுக்கிவிட்டால் எதிர்மூலையின் ஓட்டை நேரில் வராது. குஷன் சட்டத்தில் போல்ட்டின் கீழே துணியும் ஃபோமும் மெல்ல அமுங்குவதால், மரக்கட்டிலைவிடச் சீக்கிரம் தளரும். ஒரு மாதம் கழித்து ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலன் சாவியால் இறுக்குங்கள்.

சட்டத்தில் ஈரம் பட்டால் தேய்க்காதீர்கள், உலர்ந்த துணியால் அழுத்தி உறிஞ்ச விடுங்கள். தண்ணீர் ஊற்றி அலசினால் ஃபோம் குடித்துக்கொண்டு நாள்கணக்கில் காயாது. சிறுநீர் வாடைக்கு என்சைம் கலந்த சுத்திகரிப்பான் போட்டு, மின்விசிறி காற்றில் காயவிடுங்கள். வாடை திரும்பத் திரும்ப வந்தால் ஈரம் பலகைவரை போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்ட்ரட்டின் தண்டில் எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ, தட்டைத் தூக்க முன்பைவிடப் பலம் தேவைப்பட்டாலோ, அதன் ஆயுள் முடிகிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் தட்டு கோணலாக ஏறிக் கீலை முறுக்கும். இரண்டையும் ஒரே நியூட்டன் எண்ணில் சேர்த்து மாற்றுங்கள். மாற்றும்போது மெத்தையை இறக்கிவிட்டு, தட்டு முழுக்கத் திறந்த நிலையில் உறுதியான கட்டை கொடுத்து முட்டு நிறுத்திய பிறகுதான் பழைய ஸ்ட்ரட்டின் பின்னைக் கழற்ற வேண்டும். அந்த நேரம் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.